ஆற்றுக்கும் லீவு முடிகிறது!

காவிரி டெல்டாவில் வருஷத்துக்கு இரண்டு பெரிய லீவு உண்டு. ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. இன்னொன்று ஆற்றுக்கு.

பிள்ளைகளின் லீவு ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடியும். ஆற்றின் லீவு இன்னும் நீளம். வழக்கப்படி ஜனவரி 28-ஆம் தேதி மேட்டூர் அணையை மூடுவார்கள். ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள். இடைப்பட்ட நாலரை மாதமும் டெல்டாவில் காவிரி என்றால் பெரும்பாலும் மணல்தான்.

இந்தத் தேதிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கோடை லீவுக்குக் காவிரிக் கரை ஊர்களுக்கு வருகிற வெளியூர்ப் பிள்ளைகள், தண்ணீர் வருவதற்குச் சில நாள் முன்னால்தான் மூட்டை கட்டுகிறார்கள். வருஷா வருஷம் வந்தும் ஆற்றில் தண்ணீர் ஓடிப் பார்க்காத பிள்ளைகள் நிறைய. எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர்!

மணல்தான் ஆறு

என் அம்மா வீடு திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் ஒரு சின்ன ஊர். நாங்கள் இருப்பது சென்னை அம்பத்தூரில். மூத்தவளுக்கு ஒன்பது வயது. சின்னவனுக்கு நாலரை. மே மாதம் பிறந்தால் மூன்று வாரம் நானும் பிள்ளைகளும் அம்மா வீட்டில்தான். கடைசி சனிக்கிழமை என் கணவர் வந்து எங்களை அழைத்துப் போவார்.

அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானமே ஆறுதான். காலையில் வெயில் ஏறுவதற்குள் ஒரு முறை, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு முறை. படித்துறையில் இறங்கினால் கடைசிப் படிக்குக் கீழே மணல். கொஞ்சம் தள்ளி ஊர்ப் பையன்கள் மூன்று குச்சியை நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். அதற்கும் அந்தப் பக்கம் நாணல் புதர், இரண்டு மாடு, எங்கோ ஒரு ஓரத்தில் கணுக்கால் அளவுக்குத் தேங்கிய தண்ணீர்.

சின்னவனுக்கு ஊற்று தோண்டுவதில் பைத்தியம். கையாலேயே மணலை வாரிக்கொண்டு போவான். அவன் தாத்தா கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். "நான் சின்னப் பையனா இருந்தப்ப முழங்கை ஆழம் தோண்டினாப் போதும், தண்ணி வந்துரும். இப்ப இடுப்பளவு போனாலும் ஈரம்தான் வருது" என்பார். பையன் அதையெல்லாம் கேட்க மாட்டான். ஈரம் தட்டினாலே அவனுக்கு வெற்றி. ஓடிவந்து என் கன்னத்தில் அந்தக் கையை வைப்பான்.

போன வருஷம் மூத்தவளின் பள்ளியில் 'எங்கள் ஊர் ஆறு' என்று ஒரு படம் வரைந்து வரச் சொன்னார்கள். அவள் வரைந்தாள். இரண்டு பக்கமும் தென்னை மரம், நடுவில் அகலமாக ஆறு. ஆற்றுக்கு அவள் தீட்டிய நிறம் மஞ்சள். அதில் ஒரு பையன் பேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பார்த்துச் சிரித்தேன். அப்புறம் யோசித்தால், அவள் பார்த்ததைத்தானே வரைந்திருக்கிறாள்!

2022-ல் மட்டும் மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் முறை. லீவில் இருந்த பிள்ளைகள் எல்லாம் தண்ணீர் வருவதைப் பார்த்த வருஷம் அது. அந்த வருஷம் பார்த்து எங்கள் மூத்தவளுக்கு அம்மை போட்டிருந்தது. ஊருக்கே போக முடியவில்லை.

தாத்தாவின் மேட்டூர் நிலவரம்

டெல்டாவில் பேப்பர் படிக்கிற பெரியவர்கள் முதலில் தேடுவது அரசியல் செய்தியை அல்ல; மேட்டூர் நிலவரத்தை. அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது, இருப்பு எத்தனை டி.எம்.சி. என்று நாலே வரி. என் அப்பாவுக்கு 74 வயது. கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்ததால், இந்த 2025 மே மாதம் முழுவதும் அந்த நாலு வரியைப் படிக்கும் வேலை மூத்தவளுக்கு வந்தது.

முதல் இரண்டு நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு படித்தாள். மூன்றாம் நாள் கேள்வி ஆரம்பித்தது.

"தாத்தா, டி.எம்.சி.ன்னா என்ன?"

"நூறு கோடி கன அடி பாப்பா."

"மேட்டூர்ல எவ்ளோ பிடிக்கும்?"

"120 அடிக்கு நிரம்பிச்சுன்னா 93.47 டி.எம்.சி."

ஒரு வாரத்தில் அவளே முந்திக்கொண்டாள். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே திண்ணைக்குப் போய்ப் பேப்பரைப் பிரித்து, "தாத்தா, நேத்தைவிட ஏறியிருக்கு!" என்று கத்துவாள். பள்ளியில் தசம எண்ணைக் கண்டால் ஓடுகிற பெண் இவள்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

அப்பாவுக்கு அந்த எண்ணில் இருந்த கவலை அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம். போர் கிடையாது. ஆற்றுத் தண்ணீரை நம்பித்தான் குறுவை. 2024-ல் மேட்டூரில் தண்ணீர் போதாமல் ஜூலை 28-ஆம் தேதிதான் அணையைத் திறந்தார்கள். போர் வைத்திருந்தவர்கள் குறுவை போட்டார்கள். அப்பாவின் நிலம் சும்மா கிடந்தது. அப்புறம் சம்பா ஒன்றுதான். "இந்த வருஷமும் அப்படி ஆச்சுன்னா குத்தகைக்கு விட்டுடலாம்னு இருக்கோம்" என்று அம்மா அடுப்படியில் என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள். இந்த வருஷம் மட்டம் நூறு அடிக்கு மேலேயே இருந்தது. ஆனாலும் ஜூன் 12 வரும்வரை அப்பா வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார்.

ஜனவரியில் மூடி ஜூனில் திறக்கிற கதையைத் தாத்தா சொன்னதும் மூத்தவள் கேட்டாள்: "அப்ப ஆத்துக்கும் லீவா தாத்தா?"

"ஆமா. உனக்கு ரெண்டாம் தேதி முடியுது. அதுக்குப் பன்னெண்டாம் தேதி முடியுது."

கல்லணைக்கு ஒரு நாள்

லீவு முடிய நாலு நாள் இருக்கும்போது, அக்னி நட்சத்திரம் முடிகிற அன்று, பிள்ளைகளைக் கல்லணைக்கு அழைத்துப் போனோம். அப்பாவும் கூட வந்தார். காலையிலேயே கிளம்பி, தயிர்சாதமும் மாவடுவும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். பஸ் முழுக்கக் காவிரிக் கரையை ஒட்டியே போகும். ஜன்னலோரம் பிடித்தால் அதுவே பாதி சுற்றுலா.

வழியில் ஒரு வாய்க்காலில் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் திறப்பதற்கு முன்னால் வாய்க்கால்களில் படிந்த மண்ணையும் மண்டிய செடிகளையும் அள்ளிக் கரையில் போடுகிற வேலை. மஞ்சள் நிற ஜேசிபி ஒன்று கையை மடக்கி மடக்கி மண்ணை அள்ளியது. சின்னவன் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டுவிட்டான். "தாத்தா, அதுவும் ஊத்து தோண்டுதா?" என்று அவன் கேட்க, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

கல்லணையில் இறங்கியதும் மூத்தவளின் முகம் வாடிப்போனது. அவள் எதிர்பார்த்தது படத்தில் வருகிற மாதிரி உயரமான சுவரும், அதன் பின்னால் கடல் போலத் தண்ணீரும். இங்கே வரிசையாக மதகுகள், மேலே பாலம், கீழே மணல்.

"இதுதான் அணையா? தண்ணியே இல்ல!"

அப்பா அவளை நிழலில் உட்காரவைத்து, ஒரு குச்சியால் தரையில் கோடு போட்டார். எனக்கும் பள்ளியில் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

"இது காவேரி. முக்கொம்புகிட்ட ரெண்டாப் பிரியுது. வடக்கே போறது கொள்ளிடம். தெக்கே வர்றது காவேரி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தீவுதான் ஸ்ரீரங்கம். கல்லணைகிட்ட ரெண்டும் திரும்ப கிட்ட வருது பாத்தியா? இதுல கொள்ளிடம் பள்ளம். சும்மா விட்டா காவேரித் தண்ணி அந்தப் பள்ளத்துல விழுந்து நேராக் கடலுக்குப் போயிரும். விழாம தடுத்து நம்ம பக்கம் திருப்பி விடுறதுதான் கல்லணை."

"அப்ப தண்ணிய சேத்து வைக்கிறது இல்லையா?"

"சேத்து வைக்கிறது மேட்டூர். திருப்பி விடுறது கல்லணை."

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. கல்லணை கரிகால் சோழன் காலத்தது, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழசு என்று சொல்லப்படுகிறது. இங்கிருந்து தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போகிறது. வெள்ளக் காலத்தில் மிஞ்சுவது கொள்ளிடத்துக்கு. கல்லணைக் கால்வாயைப் 'புது ஆறு' என்பார்கள். அதுவும் 1934-ல் வந்ததுதான். தஞ்சாவூர் நகரத்துக்குள் ஓடுகிற ஆறு அது. பெயரில் 'புது' என்று இருந்தாலும் வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

இப்போது நாம் பார்க்கிற பாலமும் ஷட்டர்களும் பிற்காலத்தில் வந்தவை. பழைய அணை அவற்றுக்கு அடியில் இருக்கிறது. ஏறக்குறைய 1,080 அடி நீளத்துக்கு, பாம்பு போல வளைந்து, கற்களும் களிமண்ணுமாகப் போட்டது. பாறையே இல்லாத மணல் ஆற்றில் எப்படி நிற்கிறது என்பதுதான் இதன் அதிசயம். பெரிய கல்லைப் போட்டால் அது தன் கனத்திலேயே ஈர மணலுக்குள் இறங்கும். அதன்மேல் அடுத்த கல். அதுவும் இறங்கும். இறங்கி இறங்கி ஒரு கட்டத்தில் நின்றுவிடும் என்று விளக்குவார்கள்.

இதைக் கேட்டதும் மூத்தவள் துள்ளினாள். "மெரினாவுல அலைக்குள்ள நின்னா கால் உள்ள போகுமே, அது மாதிரியா தாத்தா?"

"அதே மாதிரிதான்!"

சென்னைப் பிள்ளைக்குக் கல்லணையின் அஸ்திவாரம் மெரினாவில் புரிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனும், மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த நாட்டுப் பழைய அணைகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டதாக எழுதிவைத்திருக்கிறார். முக்கொம்பு மேலணை 1836-ல் அவர் கட்டியது. பிறகு ஆந்திராவில் கோதாவரிக்கும் அணை கட்டினார்.

அப்புறம் கரிகாலன் யானைமேல் உட்கார்ந்திருக்கிற சிலையைப் பார்த்தோம். சின்னவனுக்கு ராஜாவைவிட யானைதான் பிடித்தது. பூங்காவில் மர நிழலில் தயிர்சாதம் சாப்பிட்டோம். வெளியே பொரித்த மீன் வாசம் இழுத்தது. ஆளுக்கு ஒரு துண்டு. வண்டிக்காரரிடம் நுங்கு. நுங்கை விரலால் நோண்டத் தெரியாமல் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு, அன்றைக்குச் சின்னவன் பார்த்த ஒரே 'நீர்வரத்து' அதுதான்.

மணல் என்று நம்பி இறங்காதீர்கள்

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்த ஆறு ஆபத்தில்லாதது போலத் தெரியும். ஆனால் மணல் அள்ளிய குழிகள் பல இடங்களில் இருக்கின்றன. காய்ந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியும் அந்தக் குழி, முழங்கால் தண்ணீர் வந்தால்கூட மறைந்துவிடும். மே மாதம் ஓடி விளையாடிய அதே இடம் ஜூன் கடைசியில் ஆளை இழுக்கும் இடமாக மாறும்.

எங்கள் ஊரில் அப்பா ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். லீவு முடிவதற்கு முன் பேரப்பிள்ளைகளை ஆற்றுக்குள் நடத்திக் கூட்டிப்போய், எங்கே மேடு, எங்கே குழி என்று காட்டுவார். எனக்கும் என் அண்ணனுக்கும் இப்படித்தான் காட்டினார். "இந்தப் படித்துறையிலிருந்து அந்தப் புங்க மரம் வரைக்கும்தான் உங்க எல்லை. அதுக்கு அப்பால தண்ணி இருந்தாலும் இல்லாட்டியும் போகக் கூடாது" என்பது அவருடைய சட்டம். தண்ணீர் இல்லாத நாளில் ஆற்றைக் காட்டிவைத்தால், தண்ணீர் வந்த நாளில் பிள்ளைக்கு எல்லை தெரியும். கரையோர ஊரில் சொந்தம் இருக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்வேன். அணைகளின் மதகு, ஷட்டர் பக்கம் எந்தக் காலத்திலும் இறங்க வேண்டாம்.

மூட்டை கட்டும் நாள்

மே 31, சனிக்கிழமை. லீவின் கடைசி நாட்களில் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. காணாமல்போன ஒற்றைச் செருப்பைத் தேடினோம். சலூனுக்குப் போன சின்னவன் அழுதுகொண்டே திரும்பினான். அம்மா அரிசி, வடகம், மாவடு, முருங்கைக்காய் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைக்க, என் கணவர் பையின் எடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் கீழே வைத்தார். மூத்தவள் தண்ணீர் பாட்டில் ஒன்றில் ஆற்று மணலை நிரப்பி எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். "பிரெண்ட்ஸுக்குக் காட்ட" என்றாள்.

வாசலில் அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நீங்க போனதும்தான் தண்ணி வரும். ஆறு நெறையறப்ப வீடு காலியாயிடுது."

அம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாளைக்குப் பால்காரனிடம் ஒரு லிட்டர் குறைக்க வேண்டும் என்பது போலத்தான் சொன்னாள். எனக்குத்தான் பஸ்ஸில் வெகு நேரம் பேச்சு வரவில்லை.

சென்னைக்கு வந்த பிறகும் மேட்டூர் நிலவரம் நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் மூத்தவள் என் செல்போனில் பார்த்துத் தாத்தாவுக்குப் போன் பண்ணிச் சொல்வாள். தாத்தாவுக்கு அது காலையிலேயே டீக்கடையில் தெரிந்திருக்கும். ஆனாலும் முதல் முறை கேட்கிறவர் மாதிரி "அப்படியா பாப்பா!" என்பார்.

ஜூன் 12, வழக்கமான தேதியிலேயே மேட்டூரைத் திறந்தார்கள். தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள். 15-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கல்லணை திறப்பு. மதகைத் திறக்கும்போது பூவும் நெல்மணியும் தூவுவது வழக்கம். மூத்தவள் டிவி முன்னால் உட்கார்ந்து, "இந்த இடத்துலதான் நாங்க நுங்கு சாப்பிட்டோம்" என்று அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணி. ஒரு பக்கம் ஜடை பின்னியாயிற்று, இன்னொரு பக்கம் பாதியில் இருக்கிறது. ஊரிலிருந்து வீடியோ கால். எதிர்வீட்டுப் பையன் போனைப் பிடித்திருக்க, அப்பா படித்துறையில் நிற்கிறார். பக்கத்தில் அம்மா, இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர்.

முதல் தண்ணீர் நாம் நினைக்கிற மாதிரி அழகாக வருவதில்லை. சருகு, தூசி, நுரை எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, பழுப்பு நிறத்தில், நடக்கிற வேகத்தில்தான் வருகிறது. பள்ளம் பார்த்து நிரம்பி, பிறகு அடுத்த பள்ளத்துக்குப் போகிறது. கிரிக்கெட் ஆடிய இடம் மூழ்கியது. சின்னவன் தோண்டிய குழி இருந்த பக்கம் மூழ்கியது. "என் ஊத்து!" என்று அவன் அலற, மூத்தவள் "சும்மா இருடா!" என்று அதட்டினாள். கீழே பள்ளி வேன் ஹாரன் அடித்தது. நான் ஜன்னல் வழியாக இரண்டு விரலைக் காட்டினேன், இரண்டு நிமிஷம் என்று.

தண்ணீர் படித்துறையின் கடைசிப் படியைத் தொட்டது. அம்மா குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள்.

"தாத்தா, குறுவை போடுவீங்களா?" என்று மூத்தவள் கேட்டாள். அந்தக் கேள்வியை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் அம்மாவும் அடுப்படியில் பேசியது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அப்பா போனுக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். "வெத நெல்லு வாங்கியாச்சு பாப்பா. நாத்து விடணும்."

அவள் பாதி ஜடையோடு வேனுக்கு ஓடினாள்.

நீங்களும் போகலாம்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கல்லணைக்கு பஸ் உண்டு. தூரம் ஏறக்குறைய 20 கி.மீ. தஞ்சாவூரிலிருந்து வருகிறவர்கள் திருக்காட்டுப்பள்ளி வழியாக வரலாம். மே மாதம் போனால் காலை பத்து மணிக்குள் சுற்றிப் பார்த்துவிட்டு நிழலுக்கு வந்துவிடுங்கள். குடிக்கத் தண்ணீரும் தொப்பியும் அவசியம். திரும்பும்போது திருவையாறு வழியாக வந்தால் சூடான அசோகா கிடைக்கும்.

கோடையில் மணலைக் காட்டியாயிற்று என்றால், ஆடிப்பெருக்குக்கோ காலாண்டு லீவுக்கோ இன்னொரு முறை அதே இடத்துக்கு அழைத்துப் போங்கள். இரண்டையும் பார்த்தால்தான் பிள்ளைகளுக்கு ஆறு முழுதாகப் புரியும். நாங்கள் காலாண்டு லீவுக்கு உழவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டோம். போவதற்கு முன்னால் மூத்தவள் கடையில் நீல கிரேயான் இரண்டு வாங்கி வைத்திருக்கிறாள். அது பழுப்பு நிறத்தில் ஓடும் என்று நான் இன்னும் சொல்லவில்லை. நேரில் பார்த்துக்கொள்ளட்டும்.